இஸ்தோப்பில் பறக்கும் மரத்தூள்

பதுளையிலிருந்து பசறை வழியாக லுணுகலைக்குச் செல்லும் வீதியிலோ, ஹாலி-எல, தெமோதரை, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களிலோ மாலை வேளைகளில் நடந்து செல்பவர்கள், லயன் வரிசைகளுக்கு நடுவிலிருந்து எழும் ஒரு புதிய ஓசையைக் கேட்டிருப்பர். வண்டின் ரீங்காரம் போலத் தொடங்கி, மரத்தில் பட்டதும் கனத்து ஒலிக்கும் அந்த ஓசை, சாண்டர் எனப்படும் மரம் தேய்க்கும் மின் இயந்திரத்தினுடையது. மொறட்டுவையிலும் கொழும்பின் புறநகர்களிலுமுள்ள தச்சுப்பட்டறைகளில் தொழில் பழகித் திரும்பிய நமது இளைஞர்கள் பலர், கையில் சேர்ந்த சிறு பணத்தில் முதலில் கொள்வனவு செய்வது இவ்வியந்திரத்தையே. மண்கடதாசியால் ஒரு நாள் முழுவதும் தேய்க்க வேண்டிய கதவை இது ஒரு மணித்தியாலத்தில் வழவழப்பாக்கித் தந்துவிடும். நாட்சம்பளத்தை மட்டும் நம்பியிராமல் சொந்தக் கைத்தொழிலால் முன்னேற நினைக்கும் ஓர் இளைஞனுக்கு இது பெரும் துணை என்பதில் ஐயமில்லை.

எனினும், இவ்வியந்திரத்தோடு பெட்டியில் வரும் கைநூலை நாம் எடுத்துப் பார்த்தால், அதை எழுதியவர்களின் மனத்தில் இருந்த இடம் வேறு என்பது புலப்படும். வீட்டிலிருந்து விலகிய தனியறை, காற்றோட்டமுள்ள பெரிய ஜன்னல், தூசியை உறிஞ்சும் கருவி, தரமான மின்னிணைப்பு ஆகியவற்றைக் கொண்ட ஒரு பட்டறையை நினைத்தே அந்த அறிவுரைகள் எழுதப்பட்டுள்ளன. தோட்டப்புறத்தில் அப்படியொரு பட்டறை எத்தனை பேருக்கு உண்டு? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும், அதன் முன்னால் ஓர் இஸ்தோப்பும், பின்னால் விறகடுப்பு எரியும் குசினியுமே இங்கு வீடு. அந்த இஸ்தோப்புதான் தச்சுப்பட்டறை. பாடசாலை விட்டு வந்த பிள்ளை புத்தகம் விரிப்பதும், பாட்டி வெற்றிலை இடிப்பதும், கொழுந்தெடுத்து வந்த தாய் தேநீர் குடிப்பதும் அதே இஸ்தோப்பில்தான். ஆகவே, சாண்டரைப் பாதுகாப்பாகப் பாவிப்பது பற்றி இங்கு பேசும்போது, இயந்திரத்தைப் பிடித்திருப்பவனின் விரலையும் கண்ணையும் பற்றி மட்டும் பேசினால் போதாது. அவனைச் சுற்றியுள்ள குடும்பத்தின் மூச்சைப் பற்றியும் பேசவேண்டியுள்ளது.

முதலில் தூசியைப் பார்ப்போம். வாளால் அறுக்கும்போது விழும் மரத்தூள் பருமனானது. கண்ணுக்குத் தெரியும், உடனே தரையில் விழும். சாண்டரால் எழும் தூசி அத்தகையதன்று. அதில் ஒரு பகுதி மிக நுண்ணியது. ஒரு மில்லிமீற்றரை நூறாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கைவிடவும் சிறிய துகள்கள் அதில் உண்டு. அவை மணிக்கணக்கில் காற்றில் மிதந்து, மூக்கின் மயிரையும் தாண்டி நுரையீரலின் ஆழத்திற்குச் செல்லக்கூடியவை. வேலை முடிந்து இயந்திரத்தை நிறுத்திய பின்னர், "தூசி அடங்கிவிட்டது" என்று முகத்துணியை அவிழ்ப்பவர் பலர். கண்ணுக்குத் தெரியும் தூசி அடங்கியிருக்கலாம். நெஞ்சுக்குள் போகும் தூசி அப்போதும் அங்கேயே மிதந்துகொண்டிருக்கின்றது.

தூசி என்பது மலையக மக்களுக்குப் புதிய விடயமன்று. தேயிலைத் தொழிற்சாலையில் தூளைச் சலித்துத் தரம் பிரிக்கும் பகுதியில் வேலை செய்தவர்களுக்கு அது நன்கு தெரியும். மார்புநோய் மருத்துவரான சி. ஜி. உறகொட, தேயிலைத் தூசியால் தொழிற்சாலைப் பணியாளருக்கு ஏற்படும் ஆஸ்துமாவைப் பற்றி 1970ஆம் ஆண்டிலேயே பிரித்தானியத் தொழில் மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். 1980இல் இலங்கைத் தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்கள் பற்றிய அவரது மற்றொரு கட்டுரையும் வெளிவந்தது. நாம் நாள்தோறும் விரும்பிக் குடிக்கும் தேயிலையே, தூசியாகி மூச்சில் கலக்கும்போது நோயாகின்றது என்றால், மரத்தூசி எம்மாத்திரம்?

மரத்தூசியைப் பற்றிய எச்சரிக்கை உலகிற்குக் கிடைத்த கதையும் ஒரு சிற்றூரிலிருந்து தொடங்கியதே. இங்கிலாந்தின் ஹை விக்கம் என்ற நகரம் கதிரை செய்வதற்குப் பெயர்போனது. அங்கு பணியாற்றிய எஸ்மி ஹாட்ஃபீல்ட் என்ற காது, மூக்கு, தொண்டை அறுவைச்சிகிச்சை மருத்துவர், மிக அரிதாகக் காணப்படும் ஒருவகை மூக்குப் புற்றுநோயுடன் தம்மிடம் வருபவர்களில் பலர் தளபாடத் தொழிலாளராக இருப்பதை 1960களில் அவதானித்தார். அவரும் அவரது சகாக்களும் மேற்கொண்ட ஆய்வு 1968ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ ஆய்விதழில் வெளியானது. பொதுமக்களைவிடப் பன்மடங்கு அதிகமாக அந்நோய் தச்சுத் தொழிலாளரைப் பீடித்திருப்பதை அது காட்டியது. 1995இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மரத்தூசியை, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது உறுதி செய்யப்பட்ட பொருட்களின் முதலாம் பிரிவில் சேர்த்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் உளியையும் சாண்டரையும் வீசிவிட வேண்டியதில்லை. அந்தக் கதிரைத் தொழிலாளர்கள் பல பத்தாண்டுகள், நாள் முழுவதும், தூசி மண்டிய ஆலைகளில் உழைத்தவர்கள். வாரத்தில் சில மணித்தியாலம் வேலை செய்பவருக்கு அந்த அளவு ஆபத்து இல்லை. ஆனால் ஆஸ்துமா, விடாத இருமல், மூக்கடைப்பு, தோல் அரிப்பு போன்றவை அத்தனை ஆண்டுகள் காத்திருப்பதில்லை. ஏற்கனவே இழுப்புள்ள ஒரு முதியவரோ கைக்குழந்தையோ பக்கத்துக் காம்பராவில் இருந்தால், ஒரு மாலை வேலையே அவர்களைத் தோட்ட வைத்தியசாலைக்கு அனுப்பப் போதுமானது. பல பழைய லயன்களில் இரு வீடுகளுக்கு இடைப்பட்ட சுவர் கூரை முகடுவரை எழுப்பப்படுவதில்லை என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். ஒரு வீட்டில் தாளிக்கும் வாசனை நான்கு வீடு தாண்டிச் செல்லும் அதே வழியில்தான் தூசியும் செல்கின்றது.

எந்த மரத்தைத் தேய்க்கின்றோம் என்பதும் கவனிக்கத்தக்கது. ஊவாத் தோட்டங்களில் நிழலுக்காகவும் காற்றுத் தடுப்பாகவும் நடப்பட்ட சவுக்கு, அதாவது கிரவேலியா, எளிதாகக் கிடைக்கும் பலகை. பார்வைக்கு அழகான இழையோட்டம் உண்டு. ஆனால் அதன் தூள் சிலரது தோலில் கடும் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். வியர்வையில் நனைந்த கழுத்திலும் முழங்கையின் உட்புறத்திலும் அது முதலில் தெரியவரும். நமது முதிரை மரத்தின் தூளும் தோலைப் புண்ணாக்குவதில் பெயர்பெற்றது. தேக்கும் மஹோகனியும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால், அடுத்தமுறை சிறிதளவு தூளே போதும். ஆகையால் புதிய மரமொன்றில் வேலை தொடங்கிய ஓரிரு நாளில் தோல் தடித்தாலோ கண் எரிந்தாலோ, அதை "வெயில் சூடு" என்று தள்ளிவிடாது, மரத்தைச் சந்தேகிப்பது நல்லது. கடைகளில் கிடைக்கும் எம்.டி.எப். பலகையும் ஒட்டுப்பலகையும் வேறு வகை. அவற்றின் தூளில் மரத்துடன் பசையும் கலந்திருக்கும். தூசியும் மாவைப்போல மென்மையானது. மூடிய அறைக்குள் ஒருபோதும் தேய்க்கக்கூடாதவை அவை.

மரத்தூசியைவிட நாம் அஞ்சவேண்டியது பழைய பூச்சின் தூசியை. தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் வீட்டுக்கு வர்ணம் பூசுவது நமது வழக்கம். முன்னர் கதவின் பழைய பூச்சை அப்படியே விட்டு, மேலே ஒரு கை பூசிவிடுவார்கள். இப்போது சாண்டர் வந்துவிட்டதால், ஐம்பது அறுபது ஆண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசப்பட்ட பச்சை, நீல எனாமல் படைகளை அடிமரம் தெரியுமட்டும் தேய்த்தெடுக்கும் ஆசை வருகின்றது. இலங்கையில் பூச்சுகளிலுள்ள ஈயத்தின் அளவுக்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை விதித்த கட்டாய வரம்பு 2013 ஜனவரியிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் பூசப்பட்ட எந்த எனாமலிலும், குறிப்பாகப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில், ஈயம் இருக்கலாம் என்று கருதியே நடந்துகொள்ள வேண்டும். இரும்பு ஜன்னல் சட்டங்களுக்கு அடிப்பூச்சாகப் பூசப்பட்ட பழைய செந்நிறப் பூச்சும் அவ்வாறே. (தேயிலைப் பெட்டிகளின் உட்புறத்துக்கே ஒருகாலத்தில் ஈயத் தாள் பதித்தார்கள் என்பது இன்றைய தலைமுறைக்கு வியப்பாக இருக்கும்.)

ஈயம் பெரியவர்களைவிடக் குழந்தைகளையே கடுமையாகத் தாக்கும். தவழும் குழந்தை தரையைத் தொட்டு, அதே கையை வாயில் வைக்கின்றது. அவ்வாறு உட்செல்லும் ஈயம் வளரும் மூளையைப் பாதிக்கின்றது. கற்கும் திறன் குறைகின்றது. குறைந்தது பின்னர் முழுமையாகத் திரும்புவதில்லை. குழந்தையின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அமெரிக்காவில் வீடுகளுக்கான ஈயப்பூச்சு 1978இல் தடைசெய்யப்பட்டது. அதற்கு முற்பட்ட வீடுகளில் கூலிக்குப் பழுதுபார்ப்போர், நுண்தூசியைப் பிடிக்கும் உறிஞ்சு கருவி பொருத்தாத சாண்டரால் ஈயப்பூச்சைத் தேய்ப்பதை அந்நாட்டுச் சட்டம் தடுக்கின்றது. நமது நாட்டில் அத்தகைய சட்டமில்லை. ஆதலால் அந்தக் காவலை நாமே ஏற்கவேண்டும்.

அதற்கு வழி எளியது. பழைய பூச்சுள்ள கதவில் சாண்டரை வைக்கவே வேண்டாம். கதவைக் கழற்றி வெளியே கொண்டுசென்று, கீழே பிளாஸ்டிக் விரிப்பொன்றைப் பரப்பி, பூச்சை நீரால் நன்கு நனைத்து, வோட்டர் பேப்பரைக் கொண்டு கையால் தேய்க்கலாம். ஈரத்தில் தூசி பறக்காது. உரிந்து நிற்கும் துண்டுகளையும் நனைத்த பின்னரே சுரண்ட வேண்டும். பின்பு விரிப்போடு சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். பூச்சைத் தீச்சுவாலை காட்டி உரிப்பது இதைவிட மோசம். ஈயம் புகையாகவே மூச்சில் ஏறும். பூச்சுள்ள பழைய பலகைத் துண்டுகளை விறகாக அடுப்பில் வைப்பதும் அதே தீங்கைக் குசினிக்குள் கொண்டுவருவதாகும். அந்தத் தூளை மரக்கறிப் பாத்தியில் கொட்டுவதும் கூடாது.

இன்னுமொரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுவது நலம். அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டின் பாசியை நீக்கி வர்ணம் பூசுவதற்காக அதன்மீது சாண்டரையோ கிரைண்டரையோ ஓட்டுவது எக்காரணம் கொண்டும் செய்யத்தகாத செயல். அந்த நார்த்தூசி நுரையீரலில் தங்கினால் வெளியேறுவதில்லை. பழைய புகையிரதச் சிலிப்பர் கட்டைகளைத் தளபாடமாக்க விரும்புவோரும் உண்டு. அக்கட்டைகளில் கரி எண்ணெயின் மணமோ கறுப்புக் கசிவோ இருந்தால், அவற்றையும் தேய்க்காது விடுவதே உசிதம்.

முகக்கவசத்தைப் பற்றிப் பேசுகையில், கொரோனாக் காலம் நமக்கு ஒரு பாடத்தைக் கற்பித்துச் சென்றிருக்கின்றது. துணிக்கவசத்திற்கும், மருத்துவமனைகளில் கட்டும் நீலக் கவசத்திற்கும், என்95 கவசத்திற்கும் உள்ள வேறுபாடு இன்று தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். நுண்தூசிக்கு முதலிரண்டும் உதவா. கன்னத்துக்கும் துணிக்கும் இடைப்பட்ட சந்து வழியாகவே மூச்சு போய்வரும். என்95, கே.என்.95, எப்.எப்.பி.2 ஆகியவற்றில் ஒன்றே பொருத்தமானது. மூக்கின் மேலுள்ள கம்பியை அழுத்திப் படியவைக்க வேண்டும். அடர்ந்த தாடி இருப்பின் எந்தக் கவசமும் முழுமையாகப் படியாது. தலையில் கட்டிய துவாயை இறக்கி மூக்கைச் சுற்றிக்கொள்வது நமது பாஸ்மாரின் பழக்கம். அது முகத்தில் தூள் படியாமல் காக்குமேயன்றி, நெஞ்சைக் காக்காது.

கவசத்தைவிட முக்கியமானது இடம். இயந்திரத்தின் தூசிப்பையைக் கழற்றிவிட்டு வேலை செய்பவர்களை நாம் காண்கின்றோம். பை இருந்தால் பாரம், கைக்கு இடைஞ்சல் என்பது அவர்கள் கூறும் காரணம். பையே தூசியில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கின்றது. அதையும் கழற்றினால் எஞ்சுவது என்ன? பையை மாட்டி, பாதி நிறையுமுன் கொட்டி, வீட்டை விட்டு விலகிய திறந்தவெளியில் வேலை செய்வதே தோட்டச் சூழலில் கைக்கெட்டும் சிறந்த வழி. ஊவாவின் காற்றை அறிந்தவர்களுக்கு இது கடினமன்று. ஆடி, ஆவணி மாதங்களில் வீசும் வரண்ட கச்சான் காற்றே ஊவாத் தேயிலைக்கு அதன் பெயர்பெற்ற மணத்தைக் கொடுப்பது. அக்காலத்தில் காற்று முதுகில் படும்படி நின்று, தூசி லயன் பக்கம் போகாத திசையைத் தேர்ந்து வேலை செய்யலாம். சிக்கல் வருவது ஐப்பசிக்குப் பின்னர்தான். வடகீழ்ப் பருவமழையும் பனிமூட்டமும் சூழும்போது, மழைக்கு ஒதுங்கி இயந்திரம் இஸ்தோப்புக்குள் வருகின்றது. சாரல் அடித்தால் கதவைச் சாத்திக்கொண்டு காம்பராவுக்குள்ளேயே வருகின்றது. தீபாவளி வேலை நெருக்குவதும் அதே நாட்களில். இங்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றே: தேய்க்கும் வேலையை மழைக்கு முன் முடித்துவிட்டு, பூட்டுதல், பொருத்துதல், தூரிகைவேலை ஆகியவற்றை மழைநாட்களுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அவசரமெனில் கையால் தேய்க்கும் அரத்தாள் இருக்கின்றது. அது மெதுவாகச் செய்யும், தூசியும் குறைவு.

இனி இயந்திரத்துக்கு வருவோம். ஓர்பிட்டல் சாண்டர் ஒப்பீட்டளவில் சாதுவானது. அதன் தட்டு நிமிடத்துக்குப் பல்லாயிரம் தடவை அசைந்தாலும், ஒவ்வோர் அசைவும் சில மில்லிமீற்றர் மட்டுமே. பெல்ட் சாண்டர் அப்படியன்று; பட்டை ஒரே திசையில் ஓடுவதால், மரத்தைப் பற்றி இழுத்துக்கொண்டு பாயும். அதற்கு இரு கைப்பிடியும், இறுகப் பூட்டிய பலகையும் அவசியம். பட்டையின் உட்புறத்திலுள்ள அம்புக்குறி ஓடும் திசையோடு ஒத்திருக்க வேண்டும். அதை ஓடவிட்ட பின்னரே மரத்தில் இறக்க வேண்டும். மரத்திலிருந்து தூக்கிய பின்னரே நிறுத்த வேண்டும்.

ஆனால், நமது தோட்டங்களில் உண்மையில் அதிகம் பாவிக்கப்படுவது இவ்விரண்டுமல்ல. இரும்பு வெட்டவும் ஒட்டு மழிக்கவும் செய்யப்பட்ட நான்கு அங்குலக் கிரைண்டரில் அரத்தாள் வட்டைப் பூட்டி மரம் தேய்க்கின்றார்கள். விலை குறைவு, ஒரே இயந்திரத்தில் பல வேலை என்பது நியாயமான காரணமாகவே தோன்றும். கணக்கைப் பார்த்தால் அது மாறிவிடும். அந்த வட்டு நிமிடத்துக்குச் சுமார் 11,000 தடவை சுழல்கின்றது. அதன் விளிம்பு ஓடும் வேகம் மணிக்கு 200 கிலோமீற்றரைத் தாண்டுகின்றது. அந்த வேகத்தில் ஓர் ஆணியிலோ மரக்கணுவிலோ தட்டினால், இயந்திரம் கையை மீறி உதைத்தெழும். பெரிய வட்டு பூட்டுவதற்காக இரும்புக் காப்பைக் கழற்றிவிட்டிருந்தால், உதைத்தெழும் வட்டுக்கும் தொடைக்கும் இடையில் எதுவும் இல்லை. அதே கிரைண்டரில் மரம் வெட்டும் பல்வட்டைப் பூட்டுவோர் விரலையும் சில வேளை அதற்கு மேலும் இழந்திருக்கின்றனர். மரத்துக்குக் கிரைண்டரைப் பாவிக்கத்தான் வேண்டுமென்றால், காப்பும் பக்கக் கைப்பிடியும் கழற்றாமல், இயந்திரத்தின் வேகத்துக்கு ஏற்றதென அச்சிடப்பட்ட தேய்ப்பு வட்டை மட்டுமே பூட்ட வேண்டும். பல்வட்டு வேண்டவே வேண்டாம். பழைய பலகையாயின், ஆணி இருக்கின்றதா என்று முதலில் ஒரு காந்தத்தை ஓட்டிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

உடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாரத்தின் தொங்கலும், கழுத்துத் துவாயும், கோயிலில் கட்டிய கைநூலும், தளர்ந்த துணிக் கையுறையும் சுழலும் பொருளுக்கு இரை. நூலை அவிழ்க்க மனமில்லையெனில் இறுக்கமான சட்டைக்கைக்குள் அடக்கிக்கொள்ளலாம். பாட்டாச் செருப்புக்குப் பதில் மூடிய சப்பாத்து வேண்டும். கண்ணுக்குப் பக்கங்களும் மூடிய கண்ணாடி வேண்டும். கண்ணில் தூள் விழுந்தால் கசக்காமல் சுத்தமான நீரால் தாராளமாகக் கழுவ வேண்டும். தாய்ப்பால் விடுவது, நாக்கால் எடுப்பது, துணிமுனையால் துழாவுவது போன்ற வீட்டு வைத்தியங்கள் கண்ணைக் கெடுத்துவிடும். குத்தி நிற்கும் துண்டைத் தாமாக எடுக்க முயலாது, கண்ணை அழுத்தாமல் மூடி, வைத்தியசாலைக்கே செல்ல வேண்டும். கடும் காயமெனின் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் கட்டணமின்றி வரும். தோட்டப் பாதைகளின் நிலையை அறிந்தவர்கள், பிரதான வீதிவரை காயப்பட்டவரைக் கொண்டுவரும் ஏற்பாட்டையும் முன்கூட்டியே நினைத்து வைத்திருப்பர்.

அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்துக் குளிர் காலையில் இயந்திரத்தை நீண்ட நேரம் பிடித்திருப்போருக்கு விரல் மரத்து வெளிறிப்போகும். அது குளிரினால் மட்டுமன்று. அதிர்வும் குளிரும் சேர்ந்து விரலின் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. பல ஆண்டு தொடர்ந்தால் சட்டைப் பொத்தானைப் பூட்டவும் சிரமப்படும் நிலை வரலாம். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கையைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். இயந்திரத்தை அழுத்தவும் வேண்டாம். அதன் எடையே போதும். அழுத்தினால் வேலை வேகமாக நடப்பதில்லை; மரம் கருகும், மோட்டார் சூடேறும். தேய்ந்த அரத்தாளை மாற்றாமல் அழுத்தித் தேய்ப்பது சிக்கனமன்று. 80இல் தொடங்கி 120, 180 என்று படிப்படியாகச் சென்றால் மொத்த நேரமும் தூசியும் குறைகின்றன.

மின்சாரத்தில் நமது நிலைமை மெச்சத்தக்கதாக இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து இழுத்த வயரும், பல்ப் ஹோல்டரில் செருகிய இணைப்பும் இன்னும் பல லயன்களில் உண்டு. பல்ப் ஹோல்டர் விளக்கின் சிறு சுமைக்காகச் செய்யப்பட்டது. அதில் இயந்திரத்தை மாட்டுவது தீக்கு அழைப்பு. நல்ல சாண்டர்களின் பெயர்த்தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் வரையப்பட்டிருக்கும். இரட்டைக் காப்பிடப்பட்டது என்பது அதன் பொருள். அதற்குப் புவிக்கம்பி தேவையில்லை. ஆனால் வயர் வெட்டுப்பட்டாலோ, இயந்திரம் நனைந்தாலோ அக்காப்பு உதவாது. உயிரைக் காப்பது 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் மட்டுமே. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழாத ட்ரிப் சுவிட்ச் சுவரில் தொங்கும் வெறும் பெட்டி. சுருளாகச் சுற்றிய நீட்சி வயரை முழுதாக அவிழ்த்துப் பாவிக்க வேண்டும். சுற்றியபடியே பாவித்தால் உள்ளுக்குள் சூடேறி உருகும். மற்றொன்று, மலைநாட்டில் அடிக்கடி நிகழ்வது: வேலை நடுவில் மின்சாரம் நின்றுவிடும். இயந்திரத்தின் பூட்டுப் பொத்தான் அழுத்தியபடியே இருக்க, அதை மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவோம். மின்சாரம் திரும்பும்போது யாரும் தொடாமலே அது ஓடத் தொடங்கும். அப்போது அருகில் நிற்பது பெரும்பாலும் ஒரு பிள்ளையாக இருக்கும். மின்சாரம் நின்றவுடன் முதல் வேலை, பிளக்கைக் கழற்றுவது.

தீயைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. லயன்களில் ஒரு காம்பராவில் பற்றிய தீ, கூரை வழியே முழு வரிசையையும் கொண்டுபோன செய்திகளை இப்பத்திரிகையின் வாசகர்கள் பலமுறை படித்திருக்கின்றனர். நுண்ணிய மரத்தூள் காற்றில் அடர்ந்து பறக்கையில், அடுப்புச் சுவாலையோ குப்பிலாம்போ போதும், அது குப்பெனப் பற்ற. பொலிஷ், தின்னர் ஆகியவற்றின் ஆவியும் அதனுடன் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், யாரும் தீ வைக்காமலே அது தானாகச் சூடேறி எரியும் என்பதைப் பலர் நம்புவதில்லை. அத்துணியை விரித்து வெளியே உலர்த்த வேண்டும், அல்லது நீரில் அமிழ்த்த வேண்டும். தூசிப்பையை இரவு வீட்டுக்குள் வைக்கக்கூடாது. ஆணியில் உரசிய பொறியொன்று அதற்குள் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கக்கூடும்.

வேலை முடிந்தபின் விளக்குமாற்றால் பெருக்குவது, படிந்த தூசியை மீண்டும் காற்றில் எழுப்புவதாகும். முதலில் நீர் தெளித்து, பின் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். கவசத்தை அதுவரை கழற்றக்கூடாது. உடுப்பை வெளியிலேயே மாற்றி, முகமும் கையும் கழுவிய பின்னரே குழந்தையைத் தூக்க வேண்டும். அந்த உடுப்பைக் குடும்பத்தின் மற்றைய துணிகளோடு சேர்த்து ஊறப்போடவும் வேண்டாம்.

இவை யாவும் தனிமனிதன் செய்யக்கூடியவை. செய்ய இயலாதது ஒன்று உண்டு, அது இடம். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலையில் தூசியை அகற்றுமாறு முதலாளியைப் பணிக்கின்றது. 2009இல் தொழில்சார் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமென ஒரு தேசிய நிறுவகமே சட்டத்தால் அமைக்கப்பட்டது. ஆனால் தானே முதலாளியாகவும் தொழிலாளியாகவும் இருக்கும் இஸ்தோப்புத் தச்சனின் வாசலுக்கு எந்தப் பரிசோதகரும் வருவதில்லை. தொழிற்பயிற்சி அதிகார சபையும் நைட்டாவும் தச்சுத்தொழிற் பயிற்சிகளை நடத்துகின்றன. அங்கு போகாது கைப்பழக்கத்தாலேயே தொழில் கற்றவர்களுக்குத் தோட்டத்திலேயே, தமிழில், ஒரு நாள் பாதுகாப்புப் பயிற்சி அளிப்பது அவ்வமைப்புகளுக்குப் பெரும் சுமையாகாது என்றே கருதுகின்றோம்.

2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் இந்திய வீடமைப்புத் திட்டத்தின் பயனாளிகளுக்கு வீட்டுரிமை ஆவணங்கள் கையளிக்கப்பட்டன. தனித்தனி வீடும் சிறு நிலமும் கிடைக்கும் இடங்களில், வீட்டின் பின்புறம் ஒரு சாய்ப்பு இறக்கி இயந்திரத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம். லயன்களிலேயே இன்னும் சில காலம் வாழவிருப்போருக்கு, தோட்டத்துக்கு ஒரு பொதுக் கொட்டகை தேவை. அதற்கு வேண்டிய நிலம் ஒரு காம்பராவின் அளவுதான். பத்தடிக்குப் பன்னிரண்டடியில் தகரக்கூரை, மூன்று பக்கமும் திறந்தவெளி, லயனிலிருந்தும் பிள்ளை மடுவத்திலிருந்தும் விலகி, கச்சான் காற்று தூசியை வீடுகளின் பக்கம் கொண்டுவராத சரிவில் ஓரிடம், தனியான மின்னிணைப்பும் ட்ரிப் சுவிட்சும், முகம் கழுவ ஒரு நீர்க்குழாய், மணல் நிரப்பிய இரண்டு வாளி. தோட்ட நிர்வாகம் நிலத்தையும், பிரதேச சபை மின்னிணைப்பையும் தந்தால், கூரையைத் தாங்கும் சவுக்குக் கம்புகளை நமது பாஸ்மாரே அறுத்து நட்டுவிடுவர்.